நான் இறக்கவில்லை, ஆகவே நிக்காஹ் செல்லாது

அன்புத் தம்பி தர்மாஜிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். துலுங்காகுங்கிலிருந்து உன் அண்ணன் விர்யோனோ தன் கையால், உயிரோடு எழுதுவது. பாலிக்பாப்பானில் நீயும் உன் மனைவி எண்டாங்கும் குழந்தைகளும் சுகமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும். இங்கே உன் அண்ணியும் மகள் பலுபியும் சுகம். நானும் சுகம். கடிதங்களில் இந்த வரியை யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் நீ அதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் கூரியரில் ஏன் அனுப்புகிறேன் என்று கேட்பாய். போன் செய்தேன். உன் மனைவிதான் எடுத்தாள். "எண்டாங், நான் பெரியவன் பேசறேன்மா" என்றேன். அவள் உடனே, இறந்தவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓத ஆரம்பித்தாள். பாதியில் வைத்தால் மரியாதையாக இருக்காது என்று முழுவதும் கேட்டுவிட்டு வைத்தேன். மறுபடி கூப்பிட்டபோது என் எண்ணைத் தடுத்துவிட்டாள். மையத்தாகிப் போனவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அவளைக் குறை சொல்லவில்லை. உன் அண்ணியையாவது பேசச் சொன்னேன். "உங்க சாவு, நீங்களே சொல்லிக்குங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் வாய்க்காலில் விழுகிற வீடியோவுக்குக் கீழே, "இறந்துபோன நல்ல மனிதரை வைத்து விளையாடும் நாய்களே" என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் அந்த வீடியோ விளையாட்டு இல்லை. அதில் விழுவது நான்தான். எனக்காக ஏழாம் நாள் ஓதுவதற்கு ஆடு சொல்லியிருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். ஆட்டை விட்டுவிடு.

விஷயம் இரண்டு. முதலாவது, நான் இறக்கவில்லை. இரண்டாவது, நான் இறக்காதபடியால், போன திங்கட்கிழமை என் மகளை நீ போன் வழியாக நிக்காஹ் செய்து கொடுத்தது செல்லாது. பெண்ணின் தகப்பன் போய்ச் சேர்ந்தால்தான் சிற்றப்பனுக்கு அந்த உரிமை வரும். உன் மேல் தப்பில்லை. மூக்கில் பஞ்சு வைத்த அண்ணனைத் திரையில் பார்க்கிறவன் யாராக இருந்தாலும் கொடுத்துவிடத்தான் செய்வான். இது எப்படி நடந்தது என்று முழுவதும் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் உன்னிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன்.

மாப்பிள்ளை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும் கிலாங், ஆற்றுக்கு அக்கரையில் ஓடு சுடுகிற காஸ்முரியின் மகன். விவசாயம் படித்துவிட்டு, நம் தெருக்கோடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து வீடியோ எடுக்கிறான். நம் ஜாவாப் பேச்சில் சின்னச் சின்னச் சிரிப்புக் கதைகள். அவற்றில் முக்கால்வாசி நேரம் அவன் கீழே விழுவான். சேற்றில் விழுவான், கோழிக்கூட்டின் மேல் விழுவான், பெண் பார்க்கப் போன வீட்டில் சோற்றுப் பானைக்குள் விழுவான். இதை ஜகார்த்தாவில் பார்க்கிறார்கள், சுமத்ராவில் தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்கள் பார்க்கிறார்கள், ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். யூடியூப்காரர்கள் அவனுக்கு ஒரு வெள்ளிப் பலகை அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் சரி, பள்ளிவாசல் வாசலில் யாராவது "மாப்பிள்ளை என்ன பண்றாரு" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? பாசன இலாகாவில் வேலைக் காலம் முழுவதும் மதகு பார்த்து ஓய்வு பெற்றவன், "விழறாரு" என்று சொல்ல முடியுமா?

நம் தெரு இப்போது பழைய தெரு இல்லை. முடிவெட்டுகிற சமிஜான் எல்லாக் கதையிலும் கடன்காரனாக வருகிறார், முடிவெட்டப் போனால் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெருத்தலைவர் வசூலுக்கு வந்தால், "நாளைக்கு என்னை அழ வைக்கப் போறாங்க, அதனால இன்னிக்கே வந்துட்டேன்" என்கிறார். அந்தக் கதைகளில் உன் அண்ணி கொடுமைக்கார மாமியார். சந்தையில் வெங்காயக்காரி அவளைப் பார்த்து, "மருமகளுக்குப் பழைய சோறு போடற கைக்கு என் வெங்காயம் கிடையாது" என்று கூடையை மூடிவிட்டாள். அப்புறம் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, வெங்காயத்தைச் சும்மாவே கொடுத்தாள். உன் அண்ணி அந்த வெங்காயத்தை மூன்று நாள் நறுக்காமல் வைத்திருந்தாள்.

இந்தக் கூட்டத்தில் நான் சேரவில்லை. சேராதவன் வீட்டுப் பெண்ணைத்தான் கிலாங்குக்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. காஸ்முரி குடும்பத்தோடு வாழைத்தாரும் வெல்லச் சோறும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். நான் "ரொம்ப நல்லது, பார்க்கலாம்" என்றேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், காஸ்முரிக்கும் தெரியும். ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எனக்கு மரியாதை இல்லை, அவர் அது காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்வது அவருக்கு மரியாதை இல்லை. அதனால் அடுத்த வருஷமும் வந்தார். இரண்டு பேரும் பிறந்த கிழமை ஒத்துவரவில்லை என்றேன். அதற்கடுத்த வருஷமும் வந்தார். கூரை மாற்றிவிட்டுப் பேசலாம் என்றேன். அவர் ஓட்டுக்காரர், மறுநாளே ஒரு லாரி ஓடு இறக்கிவிட்டுப் போனார். இப்படியே பலுபிக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை என்னை எதிர்த்துப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கப் போவாள், வருவாள், எனக்கு இரத்த அழுத்த மாத்திரையை எடுத்து வைப்பாள்.

போன சனிக்கிழமை கிலாங் வந்தான். ஒரு சாவு வீட்டுக் கதை எடுக்கிறானாம், மையத்தாக நடிக்க ஆள் வேண்டுமாம். சமிஜானைப் படுக்க வைத்தால் சிரித்துவிடுகிறாராம்.

"உங்களை மாதிரி அசையாம இருக்கறதுக்கு இந்தத் தெருவுல ஆள் கிடையாது, பாக். பலுபியும் அதைத்தான் சொன்னா."

வாய்க்கு வாய் "பாக்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பையனிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? "நல்ல யோசனைதான், பார்க்கலாம்" என்றேன். அவன் இந்தக் காலத்துப் பையன். திங்கட்கிழமை காலையில் பாய், பஞ்சு, கஃபன் துணி, மையத்தைத் தூக்கிப் போகப் பள்ளிவாசலிலிருந்து இரவல் வாங்கிய சந்தூக்கு எல்லாவற்றோடும் வாசலில் நின்றான். தெருவே அழத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரை எப்படித் திருப்பி அனுப்புவது? படுத்துக்கொண்டேன்.

கதையில் என் பெயர் கார்த்தோ. உன் அண்ணிதான் என் விதவை. கிலாங் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னான்: "யார் வந்தாலும் போனாலும் கேமராவைப் பார்க்கக் கூடாது, நடிப்பை நிறுத்தக் கூடாது. பாக், நீங்க கண்ணைத் திறக்கவே கூடாது." எனக்கு அது சிரமமாக இல்லை. மேலதிகாரி வந்து போகும்வரை அசையாமல் இருப்பது எனக்கு வேலையில் பழகிப்போன ஒன்றுதான்.

இடையில் நடந்த கோளாறு இதுதான். ஆரம்பிப்பதற்கு முன் கிலாங் என்னைப் படம் எடுத்து, "போய் வாருங்கள், அப்பா" என்று எழுதி, தன் பக்கத்தில் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே "விரைவில் உங்கள் திரையில்" என்றும் எழுதியிருக்கிறான். ஆனால் அந்த இரண்டாவது வரியைப் படிக்க விரலால் ஓர் இடத்தில் அமுக்க வேண்டுமாம். காஸ்முரிக்கு அந்த அமுக்குகிற வித்தை தெரியாது. மகனுடைய பக்கத்தைத் தவிர வேறு எதையும் போனில் பார்க்காத மனிதர், என் கஃபனைப் பார்த்தார். நம் வழக்கம் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. பெண்ணின் தகப்பன் போய்விட்டால் மையத்து வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நிக்காஹை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் திரும்பும்வரை பேசக் கூடாது. ஏற்கெனவே மூன்று வருஷம் காத்திருந்த மனிதர். ஓட்டு லாரியில் அரிசி, சர்க்கரை, சொந்தக்காரர்கள், நிக்காஹ் ஓதி வைக்க அவர் ஊர் மோதின் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

அவர்கள் ஓ என்று அழுதுகொண்டு உள்ளே வந்தார்கள். நம் தெருக்காரர்கள் அவர்களை வெளியூர் நடிகர்கள் என்று நினைத்து, விட்டுக்கொடுக்கக் கூடாதென்று இன்னும் பலமாக அழுதார்கள். அதைப் பார்த்து அவர்களுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. கண்ணை மூடிக் கிடந்த நான், காஸ்முரி குரலைக் கேட்டு, பையன் பெற்ற தகப்பனையும் நடிக்க இழுத்துவிட்டானே என்று நினைத்தேன். நன்றாக நடிக்கிறார் என்றும் நினைத்தேன்.

வந்தவர்கள் நடிக்கவில்லை, நிஜமாகவே அழுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். கிலாங் தன் தகப்பனாரை எதிர்த்துச் சபையில் பேசமாட்டான், அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பலுபி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது உன் அண்ணி. மோதின் அவளிடம், "அம்மா, இந்த நிலையில கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, நிக்காஹை முடிச்சிடலாமா?" என்று கேட்டார்.

உன் அண்ணி தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிரோட இருந்த வரைக்கும் மனுஷன் ஒரு முடிவும் சொல்லல. இப்பவாவது நடக்கட்டும், அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றாள்.

நான் அதைக் கதை வசனம் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் காரமாக எழுதியிருக்கிறான் என்று பட்டது.

அதன் பிறகு மோதின் போட்ட போனில் உன் குரல் கேட்டது. பாலிக்பாப்பான் வரைக்கும் ஆள் பிடித்திருக்கிறானே என்று ஆச்சரியப்பட்டேன். "எங்கண்ணன் எனக்கு அப்பா மாதிரி. சைக்கிள்ல முன்னாடி உக்கார வெச்சு என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள்கூட என்னைத் திட்டினதில்ல" என்று சொல்லி அழுதாய். தம்பி, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திட்டியிருக்கிறேன். பல தடவை திட்டியிருக்கிறேன். இதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். அப்புறம் மோதின் உன் சார்பில் "விர்யோனோவின் மகள் பலுபி" என்று சொன்னபோதும், கார்த்தோ என்று சொல்ல மறந்துவிட்டார், இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டேன். கிலாங் ஒரே மூச்சில், தடுமாறாமல், "ஏற்றுக்கொண்டேன்" என்றான். சாட்சிகள் "சரி" என்றார்கள். எல்லாரும் அழுதார்கள்.

பிறகு காஸ்முரியும் அவர் சொந்தக்காரர்களும் என்னைச் சந்தூக்கில் வைத்துத் தோளுக்குத் தூக்கினார்கள். பிள்ளைகள் அதன் அடியில் குனிந்து மூன்று தரம் போய்வர வேண்டும் என்பது வழக்கம் அல்லவா, பலுபி போனாள். மூன்றாவது தரம் எனக்கு நேர் கீழே நின்றாள்.

"அப்பா, முதுகு வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள். "தப்புதான்ப்பா. எனக்கு வேற வழி தெரியல. எழுந்திரிச்சுடாதீங்க."

அப்போதுதான் இது கதை இல்லை என்று எனக்குப் புரிந்தது. உடனே எழுந்து உட்கார்ந்து முடியாது என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில், சம்பந்தி என் காலைத் தோளில் சுமந்துகொண்டிருக்கும்போது, அதை எப்படிச் சொல்வது? படுத்தே இருந்தேன்.

ஆனால் சந்தூக்கு வாசலைத் தாண்டியது. காஸ்முரியின் ஆட்கள் மண்வெட்டியோடு முன்னாலேயே போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கிலாங் பக்கத்தில் ஓடிவந்துகொண்டே, "அப்பா, கொஞ்சம் நில்லுங்கப்பா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். "அழாதடா, அழாதே, எல்லாருக்கும் ஒரு நாள் இதுதான்" என்று காஸ்முரி நடையை இன்னும் வேகமாக்கினார். இனிமேல் சும்மா இருந்தால் சரியாக இருக்காது என்று, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தேன். முகத்துத் துணியை விலக்கிக்கொண்டு, மிக மரியாதையாகவே, "சிரமத்துக்கு மன்னிக்கணும், இங்க கொஞ்சம் இறக்கி வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர்கள் இறக்கி வைக்கவில்லை. "போச்சோங்" என்று கத்திக்கொண்டு தோளைக் கொடுத்த அத்தனை பேரும் ஓடினார்கள். கஃபனோடு எழுந்து வருகிற பேய்க்கு யார்தான் நிற்பார்கள்? நானும் சந்தூக்கும் வாய்க்காலில் விழுந்தோம். அந்த வாய்க்காலின் பக்கச் சுவர் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். அது சரியாக இல்லை. துணியால் கைகால் கட்டியிருந்ததால் எழுந்து குதித்துக் குதித்துத்தான் கரையேற முடிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இப்போது நாடு முழுவதும் பார்க்கிறார்கள். போகிற இடமெல்லாம் பிள்ளைகள் என்னை நிறுத்தி, "தாத்தா, ஒரு தடவை குதிச்சுக் காட்டுங்க" என்கிறார்கள்.

ஓடாமல் நின்றவர் மோதின் ஒருவர்தான். அவர் என்னைக் கை கொடுத்துத் தூக்கி, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, வந்து சேர்ந்த பலுபியைப் பார்த்து, "தகப்பனார் உயிரோட இருக்கார்ம்மா. அப்ப நடந்தது நிக்காஹ் ஆகாது. இவரே கொடுத்தாத்தான் உண்டு" என்றார். பலுபி என்னைக் கட்டிக்கொண்டு என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை.

தம்பி, எனக்குக் கோபம் இருக்கிறது. என் சாவைக்கூட என்னிடம் கேட்காமல் செய்கிற வீட்டில், மகளுடைய கல்யாணத்தை என்னிடம் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாதுதான். ஆனாலும் விழுந்து பிழைக்கிறவனுக்கு என் பெண் இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். உன்னிடம் கேட்கும் உதவி இதுதான். இதை என்னால் காஸ்முரி முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. அவர் மூன்றாம் நாளே பழக்கூடையோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார், நானும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றுதான் சொல்லி அனுப்பினேன். கொடுத்தவன் நீ. ஆகவே திருப்பி எடுப்பதையும் நீயே செய். கடல் தாண்டி இருக்கிறாய், போனில் சொன்னால் போதும். கொஞ்சம் முகம் கோணாமல் சொல்.

உன் குடும்பத்தில் எல்லாருக்கும் உடல் நலமும் மன அமைதியும் ஆண்டவன் தர வேண்டும். குழந்தைகளைப் படிப்பில் கவனமாக இருக்கச் சொல். எண்டாங் ஓதியது வீண் போகாது, எப்போதாவது பயன்படும் என்று சொல்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அண்ணன்,
விர்யோனோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது உன் அண்ணி பிடுங்கிக்கொண்டாள். "ஊரே பாத்துச்சு, நீங்க பாக்கவே இல்லையே. முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் ஒட்டுங்க" என்றாள். உண்மைதான். வாய்க்காலில் விழுகிற துண்டை மட்டும்தான் நானும் பார்த்திருந்தேன். கிலாங் எடுத்தது முழுவதையும் அவள் போனில் போட்டுக் காட்டினாள். நிக்காஹ் நடக்கும்போது கேமரா ஒரு மூலையில் தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மோதினின் கையை வலது கையால் பிடித்தபடி கிலாங் என் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறான். பாயின் ஓரத்தில் சிவப்பெறும்புகள் வரிசையாக என் காலைப் பார்த்து ஏறுகின்றன. அவன் இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறான். மோதின் துஆ ஓதுகிறார், தள்ளிவிடுகிறான். "ஏற்றுக்கொண்டேன்" என்று அந்த ஒரே மூச்சில் சொல்லும்போதும் அவன் கை என் பாதத்தில்தான் இருக்கிறது. ஒன்று அவன் விரலைக் கடிக்கிறது, முகம் சுளிக்கிறான், கையை எடுக்கவில்லை. பலுபி குனிந்த தலையை நிமிர்த்தாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அதை நான்கைந்து தடவை பார்த்தேன்.

ஆகவே மேலே எழுதியதில் நான் இறக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொள், மீதியை விட்டுவிடு. காஸ்முரிக்குப் போன் செய்யாதே. நானே நடந்து போய் அவரிடம் சொல்லிவிட்டேன். "ரொம்ப நல்லது" என்று நான் சொன்னதன் அர்த்தம் இந்தத் தடவை வேறு என்று அவருக்குப் புரியவில்லை, பலுபிதான் கூட வந்து, "அப்பா நிஜமாவே சரின்னு சொல்றார்" என்று எடுத்துச் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். பையன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்து, என் பெண்ணை நானே கொடுக்க வேண்டும். நீ எப்படியும் வந்துவிடு. போன தடவை நீ அழுதாய், இந்தத் தடவை நான் அழுதுவிடுவேன் போலிருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் நீ கேமராவுக்கு முன்னால் வந்து கொஞ்சம் நின்றுகொள்.